‘கூட்டுக் கொள்முதல்’ சரிவருமா?

> கேமராக்காரர்கள் ஆள் சேர்த்துத் தள்ளுபடியில் வாங்குவதைக் ‘கூட்டுக் கொள்முதல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

வணக்கம்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். கூட்டுப் பட்டா என்றால் ஒரே நிலத்தில் பலருக்கு உரிமை. கூட்டுக் கணக்கு என்றால் ஒரே வங்கிக் கணக்கு, ஆள் மட்டும் ஒன்றுக்கு மேல். இந்தப் பழக்கத்தில் படிப்பவர், 10 பேர் காசு போட்டு ஒரு லென்ஸ் வாங்கி ஆளுக்கொரு வாரம் வைத்துக்கொள்கிறார்கள் போல என்று நினைப்பார். இங்கே 10 பேருக்கும் 10 லென்ஸ். தனித்தனி பில், தனித்தனி வரிசை எண், உத்தரவாதமும் அவரவர் பேரில். தலை எண்ணிக்கைதான் பொது.

கொள்முதலும் உறுத்துகிறது. நெல் கொள்முதல் சரி. லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடியான ஃபில்டர் ஒன்றே ஒன்றை வாங்குகிறவர் ‘கொள்முதல் செய்தேன்’ என்றால் சிரிப்புதான் வரும்.

என் பரிந்துரை ‘திரள்வாங்கல்’. பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் கிரவுட்ஃபண்டிங்குக்குத் ‘திரள்நிதி’ ஏற்கெனவே புழங்குகிறது, அதற்குப் பக்கத்தில் இது பொருந்தி உட்காரும். சீனத்தில் இதற்குத் துவான்கோ என்று பெயர். துவான் குழு, கோ வாங்குதல். முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் பேசிவைத்துக்கொண்டு, ஒரே நாளில் கடைக்குள் திரளாக நுழைந்து பேரம் பேசிய பழக்கம் அங்கே உண்டு. ‘திரண்டு வாங்கினோம்’ என்று வினையாக்கினாலும் தமிழாகவே இருக்கிறது.

அப்புறம், இத்தனை பேர் சேர்ந்தால்தான் விலை இறங்கும் என்கிற அந்த எண்ணுக்கும் ஒரு சொல் தேவை. 2008இல் வந்த குரூப்பான் என்ற சலுகை இணையதளம் தொடக்கத்தில் இதை வைத்தே ஓடியது: எண் எட்டாவிட்டால் யாருக்கும் சலுகை இல்லை. கேமரா ஆட்களுக்கு இது பெரிய தலைவலி. நான் ஒருமுறை சேர்ந்து வாங்க விரும்புவோர் பட்டியல் எடுத்தேன். ஒரே லென்ஸ்தான், ஆனால் அதைக் கேமராவில் பொருத்தும் மவுண்ட் கம்பெனிக்குக் கம்பெனி வேறு: கேனான் மவுண்ட்டுக்கு 7 பேர், நிக்கானுக்கு 4 பேர். விற்பவரோ ஒரே மவுண்ட்டில் 10 கேட்டார். 11 பேர் இருந்தும் கதை முடிந்தது. 77 மி.மீ. ஃபில்டருக்கு லென்ஸின் முன்பக்க அளவு ஒத்தால் போதும், கம்பெனி எதுவானாலும் சரி; அதற்குப் பட்டியல் எடுத்தபோது மட்டும் கட்சி பேதமில்லாமல் ஆள் சேர்ந்தது.

சபைகளில் கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்கிற எண்ணுக்கு (ஆங்கிலத்தில் quorum) ‘குறைவெண்’ என்கிறார்கள். அதையே எடுத்துக்கொண்டு ‘குறைவெண் எட்டவில்லை’ எனலாமா?

> குறைவெண் நன்று. ‘வாங்கல்’தான் இடிக்கிறது ஐயா. கொடுக்கல் வாங்கல் என்றாலே கடன் நினைவுக்கு வருகிறதே!

அட, இது எனக்குத் தோன்றவில்லை. ‘திரள்வாங்கலில் சிக்கல்’ என்று எழுதினால் யாரோ வட்டி கட்டாதது போலத்தான் இருக்கிறது.

சரி, செயலை விட்டுவிட்டு விலைக்குப் பெயர் வைத்தால் என்ன? ‘திரள்விலை’. வினைக்கு நம் ‘வாங்கு’ சும்மாதானே இருக்கிறது. ‘திரள்விலைக்கு வாங்கினேன்.’ ‘இன்னும் 3 பேர் வந்தால் திரள்விலை.’ பட்டியல் எடுப்பவர் வாயிலிருந்து தானாக வரக்கூடிய வாக்கியங்கள். கடன் வாடையும் இல்லை. திரள்வாங்கலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.