செந்தூல் கோண்டோவில் பழைய பிரிட்டிஷ் டோன்: 18 வாட்டா, 45 வாட்டா?

செந்தூல்_லீட்:
வணக்கம். மூன்று வருஷமாகச் சேர்த்த ஒன்பதாயிரம் ரிங்கிட் கையில் இருக்கிறது. கித்தாருக்குக் கையால் வயரிங் செய்த வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று வாங்கப்போகிறேன். இரண்டு தேர்வுகள். ஒன்று, 1965ல் பிரிட்டிஷ் கம்பெனி மார்ஷல் கொண்டுவந்த 18 வாட் காம்போவின் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) சர்க்யூட், ஈஎல்84 பவர் வால்வு இரண்டு. மற்றது மார்ஷலின் பழைய ஜேடிஎம்45 வழியில் செய்த 45 வாட் ஹெட் (ஸ்பீக்கர் தனி), கேடி66 பவர் வால்வு இரண்டு. வீடு 11வது மாடி. மாதம் இரண்டு மூன்று கல்யாண டின்னரில் வாசிக்கிறேன், பெரும்பாலும் 80களின் இளையராஜா பாட்டுகள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஜாமிங் ஸ்டூடியோவில் ப்ளூஸ். எதை எடுக்கலாம்?

கிள்ளான்காரன்:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, 45. பிரிட்டிஷ் டோன் என்று நாம் சொல்வதற்கு வேரே அதுதான். 1962ல் லண்டன் ஹான்வெல்லில் இருந்த மார்ஷல் கடையில் அமெரிக்க பெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை எடுத்து, அங்கே கிடைத்த பாகங்களையும் செலெஸ்டியன் ஸ்பீக்கரையும் போட்டுச் செய்தார்கள். அதிலிருந்துதான் அந்தக் கனமான நடுத்தர ஒலி வந்தது. டின்னர் மேடையில் டிரம்ஸ், கீபோர்ட், பேஸ் எல்லாம் சேரும்போது சுத்தமான கார்டு நிற்க வேண்டும். 18 வாட் அங்கே கரகரக்கும். வீட்டுக்கு, ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் குறைக்கும் அட்டனுவேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_ரிதம்:
இல்லை அண்ணே, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 45 வாட் ஹெட்டோடு நான்கு வருஷம் டின்னர் வாசித்தவள் நான். சவுண்ட்காரர் முதல் பாட்டிலேயே கையைக் கீழே காட்டுவார். வால்யூம் ஒன்றரையில் நிற்கும். அந்த ஒன்றரையில் கேடி66 இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். நான் காசு கொடுத்து வாங்கிய டோன் ஒரு ராத்திரிகூட வெளியே வரவில்லை. 1966ல் பிரிட்டிஷ் கித்தார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஸ்டூடியோவில் மார்ஷல் காம்போவைச் சத்தமாகத் திறந்துவைத்து வாசித்ததால்தான் அந்த ஒலி கிடைத்தது. பவர் வால்வு உழைக்க வேண்டும்.

கணக்கும் பாருங்கள். 18க்கும் 45க்கும் வித்தியாசம் வெறும் 4 டெசிபெல்தான். காதுக்கு அது இரண்டு மடங்கு சத்தமாகக்கூடக் கேட்காது. ஸ்பீக்கரை மாற்றினாலே இரண்டு டெசிபெல் வந்துவிடும்: செலெஸ்டியனின் கிரீன்பேக் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 98 டெசிபெல், அல்நிகோ ப்ளூ 100.

கிள்ளான்காரன்:
ப்ளூ ஒன்றை மட்டும் 18 வாட்டில் போட்டு முழுக்கத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள் தங்கச்சி. அது 15 வாட் ஸ்பீக்கர். ஆம்ப் கரகரக்கும்போது 18க்கு மேலேயே தள்ளும். ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் எரிந்துவிடும். அப்புறம், ஈஎல்84 என்றாலே "கிளாஸ் ஏ" (வால்வு ஓய்வே இல்லாமல் ஓடுவது) என்று விளம்பரத்தில் எழுதுவதையும் நம்ப வேண்டாம். வாக்ஸ் ஏசி30 ஆம்பே முழுச் சத்தத்தில் கிளாஸ் ஏபி (வால்வுகள் மாறி மாறி ஓய்வெடுப்பது) தான்.

பிரிக்பீல்ட்ஸ்_ரிதம்:
அந்த இரண்டும் சரி. ஒற்றை ப்ளூ வேண்டாம், 25 வாட் கிரீன்பேக் போதும். கிளாஸ் ஏ பேச்சையும் விட்டுவிடலாம். என் காதுக்குப் பிடித்தது வேறு காரணத்தால்: அந்த 18 வாட்டில் கேத்தோடு பயாஸ் (வால்வு தன் ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்வது) உண்டு, நெகட்டிவ் பீட்பேக் (வெளிவரும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி அடக்குவது) கிடையாது. பிக் அழுத்தினால் உடனே உறுமும், கித்தார் வால்யூமைக் குறைத்தால் மணிபோல் தெளியும். டின்னரில் சரணத்துக்கு ஏழில் வைப்பேன், இடையிசை வந்ததும் பத்து. பெடலைத் தொடவே தேவையில்லை.

சைபர்ஜெயா_டிஜிட்டல்:
இந்தக் காசில் பாதிக்கு நல்ல மாடலர் (ஆம்ப் ஒலியை டிஜிட்டலில் தரும் பெட்டி) வருமே. ஹெட்போன் போட்டு ராத்திரி இரண்டு மணிக்கும் வாசிக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ்_ரிதம்:
ராத்திரிக்கு அது நல்லதுதான், என்னிடமும் ஒன்று இருக்கிறது. தம்பி கேட்டது வால்வு ஆம்ப்.

பினாங்கு_பட்டறை:
நான் ஜார்ஜ்டவுனில் 20 வருஷத்துக்கு மேலாக ஆம்ப் பழுது பார்ப்பவன். வாட் சண்டைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

போன மாதம் ஒரு பொட்டிக் ஆம்ப் (சிறு பட்டறையில் கையால் செய்தது) வந்தது, வாங்கி ஆறு வருஷம். பழைய காலத்து அசல் தோற்றம் வேண்டும் என்று செய்தவர் முழுக்கக் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் போட்டிருந்தார். பார்க்க அழகு, பழுப்பு உடம்பில் வண்ணக் கோடுகள். 100 கிலோ ஓம் என்று குறி போட்டதை மீட்டரில் வைத்தால் 131 காட்டியது. பக்கத்தில் இருந்தது 124. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வகை ஈரத்தை உறிஞ்சி மதிப்பு ஏறிவிடும். கூடவே இரைச்சலும் வரும். எல்லாவற்றையும் கார்பன் பிலிமுக்கு மாற்றினேன். டோன் மாறியதாக உரிமையாளர் சொல்லவில்லை, இரைச்சல் போனதாக மட்டும் சொன்னார்.

அடுத்தது கரண்ட். நம் ப்ளக்கில் பெரும்பாலும் 240 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். ஆம்பின் டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட்டுக்கான இணைப்பில் (டேப்) இருந்தால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வர வேண்டியது 6.9 கிட்டே போகும். வால்வு ஆயுள் குறையும். அமெரிக்காவுக்கென்று 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் செய்தது என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரும் தூக்க வேண்டும், நம் 50 ஹெர்ட்ஸில் சூடும் கூடும். இங்கிலாந்தில் செய்ததற்கு அந்தத் தொல்லை இல்லை, ப்ளக்கூட நம்முடைய மூன்று பின்தான்.

வால்வு மாற்றும்போது 18 வாட்டில் சோடி சேர்ந்த ஈஎல்84 வாங்கிச் செருகினால் பெரும்பாலும் போதும், ஜேடிஎம் வகையில் பயாஸை (வால்வு ஓட்டத்தை) அளந்து சரிபார்க்க வேண்டும். நீங்களாக மூடியைத் திறந்து கை வைக்க வேண்டாம் தம்பி. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்வரை நிற்கும்.

கிள்ளான்காரன்:
பட்டறை அண்ணே சொன்ன கரண்ட் விஷயம் எனக்கே புதுசு, இன்று என் ஹெட்டைப் பார்க்கிறேன். ஆனாலும் என் ஓட்டு 45க்குத்தான். பெரிய டிரான்ஸ்பார்மர் தரும் அந்த அடித்தட்டு, பேஸ் கம்பியில் விரல் வைத்ததும் கால்சட்டை அசையும் அந்தக் காற்று, சின்ன ஆம்பில் வராது.

செந்தூல்_லீட்:
எல்லாருக்கும் நன்றி. விற்பவரிடம் கேட்டேன். 18 வாட்டில் 240 டேப் இருக்கிறது, ரெசிஸ்டர் மெட்டல் பிலிம், உள்ளே படமும் அனுப்பினார். 45ஐப் பற்றி இன்னும் பதில் இல்லை. கிள்ளான் அண்ணே சொன்ன அந்தக் காற்று எனக்கும் ஆசைதான், ஆனால் மாதத்தில் ஒரு நாள்கூட அதைத் திறந்துவிட எனக்கு இடம் கிடையாது. சனிக்கிழமை காலை என் கித்தாரோடு போய் 18ஐப் பத்தில் வைத்துக் கேட்கப்போகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்_ரிதம்:
என் கிரீன்பேக் கேபினெட்டைக் காரில் போட்டுக்கொண்டு வருகிறேன், அதிலும் செருகிப் பாருங்கள். எத்தனை மணிக்கு?