ரேடியோ பேச்சு நின்றுபோன விமானம்: 'தொடர்பறுநிலை' என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பறக்கும் விமானத்துக்கும் தரையிலுள்ள கட்டுப்பாட்டுக்கும் இடையே ரேடியோ பேச்சு நின்றுபோவதை ஆங்கிலத்தில் 'communication failure' என்பார்கள். அதற்குத் தமிழில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'தகவல்தொடர்புத் தோல்வி' எனக்கு ஒப்பவில்லை. தேர்வில் தோற்கலாம், தேர்தலில் தோற்கலாம். கருவி பழுதாகும், தோற்காது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கருவி பழுதாகாமலேயே பேச்சு நின்றுபோகலாம். 2009 அக்டோபரில் அமெரிக்காவில் சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் போன நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188 என்ற பயணிகள் விமானம், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எந்த அழைப்புக்கும் பதில் சொல்லவில்லை. இறங்க வேண்டிய ஊரையே தாண்டிப் போய்விட்டது. ரேடியோவில் ஒரு குறையும் இல்லை. விமானிகள் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்கள்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். கருவி கெட்டால் 'ரேடியோ பழுது'. எந்தக் காரணத்தாலும் பேச்சு அறுந்துபோன நிலைக்குத் 'தொடர்பறுநிலை'. கொதிநிலை, உருகுநிலை போல இதுவும் வினைத்தொகை. தனியே 'அறுநிலை' என்றால் ஆறு நிலைகள் என்று படிக்க இடமுண்டு. முன்னால் 'தொடர்பு' நிற்பதால் அந்தக் குழப்பம் வராது. 'வானொலி' வேண்டாம் என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் செய்தியும் பாட்டும்தான் நினைவுக்கு வரும்.

தொடர்பறுநிலைக்குள்ளும் பிரிவு உண்டு. விமானிக்குக் கேட்காமல் போகலாம், ஆனால் அவர் பேசுவது கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் கேட்கும்: இது 'கேளாநிலை'. அவருக்குக் கேட்கும், பேச முடியாது: இது 'பேசாநிலை'. பேசாநிலை என்று சந்தேகம் வந்தால், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர், "நான் பேசுவது கேட்டால் ஐடென்ட் பொத்தானை அழுத்துங்கள்" என்பார். விமானி அதை அழுத்தி, ரேடார் திரையில் அந்த விமானத்தின் குறி தனித்துத் தெரிந்தால், மேற்கொண்டு சொல்வதையெல்லாம் விமானி கேட்டுச் செய்வார். கேளாநிலையில் இந்த வழி கிடையாது. விமானிதான் தன் இருப்பிடத்தையும் அடுத்துச் செய்யப்போவதையும் சொல்லிக்கொண்டே வர வேண்டும், அதுவும் இரண்டு முறை. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் பாடநூல் எழுதுகிறவர் திண்டாடுவார்.

நடைமுறை தெரிந்ததுதான். ஹெட்செட் செருகி, ஒலியளவு, முந்தைய அலைவரிசை, அவசர அலைவரிசையான 121.5 எல்லாம் பார்த்தும் பயனில்லையென்றால், ரேடாருக்கு விமானத்தின் குறியெண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600, அதாவது ரேடியோ பேச்சு இல்லை என்பதற்கான எண். வானம் தெளிவாக இருந்தால், கண்பார்வையில் பறந்து அருகிலுள்ள தகுந்த விமான நிலையத்தில் இறங்குவது. மேகத்துக்குள் என்றால், பன்னாட்டு விதிப்படி கடைசியாகச் சொன்ன வேகத்தையும் உயரத்தையும் 20 நிமிடம், ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிடம், மாற்றாமல் வைத்திருந்து, பிறகு முன்பே கொடுத்த பறப்புத் திட்டப்படி போவது. கட்டுப்பாட்டாளர் சொல்லி, விமானி கடைசியாக ஒப்புக்கொண்ட அணுகல் நேரத்தில் (தரையிறங்க நெருங்கும் நேரத்தில்) இறங்கத் தொடங்கி, கூடுமானால் 30 நிமிடத்துக்குள் தரை தொடுவது. நாட்டுக்கு நாடு இதில் வேறுபாடு உண்டு. விமானி என்ன செய்வார் என்பது கீழே இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் மற்ற விமானங்களை விலக்கி வைக்க முடியும்.

நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம், ரேடியோ பேச்சு இல்லாத விமானிக்குச் சைகை காட்டும் கோபுரத்து விளக்கு. ஆங்கிலத்தின் 'light gun' என்பதை அப்படியே பெயர்த்த 'ஒளித்துப்பாக்கி' என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். 'சைகை விளக்கு' போதும். விட்டுவிடாமல் எரிவது 'நிலையொளி', விட்டுவிட்டு எரிவது 'சிமிட்டொளி'. பறந்துகொண்டிருப்பவருக்குப் பச்சை நிலையொளி என்றால் இறங்கலாம். பச்சைச் சிமிட்டொளி என்றால் இறங்கத் திரும்பி வா, அனுமதி பிறகு வரும். சிவப்பு நிலையொளி வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு என்கிறது. சிவப்புச் சிமிட்டொளியோ நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே என்கிறது. வெறுமனே 'பச்சை விளக்கு', 'சிவப்பு விளக்கு' என்று மொழிபெயர்த்த குறிப்பு ஒன்றைப் பார்த்தேன். ஆபத்தான மொழிபெயர்ப்பு அது.

விமானி பதிலுக்குப் பகலில் இறக்கையை ஆட்டுவார். இரவில் இறங்குவிளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பார். ஓடுபாதையை நெருங்கும் கடைசிக் கட்டங்களில் இறக்கையாட்டலை எதிர்பார்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. தாழ்வாக, மெதுவாக வரும் விமானத்தைச் சாய்க்கச் சொல்ல முடியுமா? இதற்கு 'இறக்கையாட்டல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இன்னும் நிறைவு தராதது ஒன்றுதான்: கேளாநிலையில் விமானி பதிலை எதிர்பாராமல் பேசுவதற்கான சொல். ஆங்கிலத்தின் 'blind transmission' என்பதைக் 'குருட்டு ஒலிபரப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். விமானிக்குப் பார்வையில் குறையில்லை, அது ஒலிபரப்பும் இல்லை. 'ஒருவழி அறிவிப்பு' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.