சர்க்கரையும் தாம்பத்தியமும்: டர்பனில் முதலில் யாரைப் பார்ப்பது?

சாட்ஸ்வொர்த்காரி:
என் கணவருக்கு 47 வயது, 9 வருஷமாகச் சர்க்கரை. ஒரு வருஷமாக விறைப்பு நிற்பதில்லை. பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். குடும்ப டாக்டருக்கு மாமியார் வீடு முழுக்கப் பழக்கம். நேரே செக்ஸாலஜிஸ்டா, கவுன்சலிங்கா?

வார்டு சிஸ்டர்:
முதலில் ஜி.பி., அதாவது பொது மருத்துவர்தான் அக்கா. அதே டாக்டர் வேண்டாம், வேறொருவர் போதும். கவுன்டரில் "சர்க்கரை செக்கப், கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்" என்று சொல்லுங்கள். மற்றதை உள்ளே பேசிக்கொள்ளலாம். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, பிரஷர், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை 11 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும், மத்தியானம் இயல்பாகவே இறங்கியிருக்கும்.

நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1–2 மில்லிமீட்டர், இதயத்தினுடையது 3–4. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் காட்டும். வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துப் போங்கள். அட்டெனலால், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி பிரஷர் மாத்திரைகூடக் காரணமாகலாம். அதற்காக அவராக நிறுத்திவிடக் கூடாது.

பார்மசி தம்பி:
விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) தென்னாப்பிரிக்காவில் ஷெட்யூல் 4, டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது. விளக்குக்கம்பத்தில் ஒட்டியிருக்கிற "மூலிகை" நோட்டீஸ் பக்கமே போகாதீர்கள், உள்ளே என்ன கலந்திருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. பொதுவாக 50 மில்லிகிராம், ஒரு மணி நேரம் முன்னால். மட்டன் பன்னி (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) மாதிரி கொழுப்பான சாப்பாட்டை முழுசாக முடித்துவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். மாத்திரை மட்டும் விறைப்பு தராது, ஆசையும் வேண்டும். ஒருமுறை போட்டுப் பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். டாக்டர் அளவைச் சரிபார்த்து ஆறேழு முறையாவது பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு இது அறவே கூடாது, பிரஷர் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்து.

சாட்ஸ்வொர்த்காரி:
காலையில் சில நாள் விறைப்பு வருகிறது என்கிறார். அப்படியானால்?

ஆலோசகர்:
அப்படியானால் மனப் பதற்றத்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனாலும் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். பிறகு தம்பதி ஆலோசனை. ஃபாம்சா என்ற குடும்ப, திருமண ஆலோசனை அமைப்பு டர்பனிலும் இருக்கிறது, வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம். தனியாரிடம் போனால் சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாமல் எச்பிசிஎஸ்ஏ (டாக்டர்களையும் உளவியலாளர்களையும் பதிவு செய்யும் மன்றம்) இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள்: டாக்டருக்கு எம்பி (MP), உளவியலாளருக்கு பிஎஸ் (PS) என்று எண் தொடங்கும்.

தம்பதி ஆலோசனையில் பெரும்பாலும் சில வாரம் உறவே வேண்டாம் என்பார்கள். கை, முதுகு, தோள் என்று ஆளுக்குக் கால் மணி நேரம் தொடுவது மட்டும். விறைப்பு வருமா என்ற பரீட்சை இல்லையென்றால் பதற்றம் தணியும். பாதியில் விறைப்பு வந்ததும் "சரியாகிவிட்டது" என்று விதியை மீறுவதில்தான் பலருக்குக் கெடுகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அவர் வர மறுத்தால் முதல் அமர்வுக்கு நீங்கள் மட்டும் போங்கள். எப்படிப் பேச்செடுப்பது என்பதையே அங்கே கேட்கலாம்.