ரிசீவர் வாங்கும்போது எதை முதலில் பார்ப்பது: உணர்திறனா, இயங்கு வீச்சா?

மாடிக்கம்பி:
அமெச்சூர் வானொலிக்குப் புதிதாக உரிமம் பெற்ற தம்பி ஒருவர், 0.2 மைக்ரோவோல்ட் உணர்திறன், அதாவது அவ்வளவு மெல்லிய சிக்னலையும் கேட்கும் என்று போட்டிருக்கும் பழைய ரிசீவரை வாங்கலாமா என்று நேற்று கேட்டார். அந்த ஓர் எண்ணை நம்பி வாங்காதீர்கள், இயங்கு வீச்சை முதலில் பாருங்கள் என்றேன்; பலமான சிக்னல்கள் சூழ்ந்தபோதும் மெல்லியதைக் கேட்கும் திறன் அது. காரணத்தை இங்கேயும் சொல்கிறேன். 0.2 மைக்ரோவோல்ட் என்பது 50 ஓமில் மைனஸ் 121 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு). சென்னையில் என் மாடி டைபோல் ஆன்டெனாவைச் சொருகியதும் 7 மெகாஹெர்ட்ஸில் யாரும் பேசாதபோதே சிக்னல் மீட்டர் எஸ்5 காட்டுகிறது. அதாவது மைனஸ் 97 டிபிஎம். எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சல் 24 டெசிபல் மேலே நிற்கிறது. அதற்கு அடியில் கேட்கும் திறனுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

தென்னந்தோப்பு:
ஐயா, உங்கள் மாடியை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் இருப்பது பொள்ளாச்சிக்குத் தெற்கே. பக்கத்து வீடு அரைக் கிலோமீட்டர். மின்சாரம் நின்ற இரவில் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, 28 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது ரிசீவர் தனக்குள்ளேயே உண்டாக்கிய இரைச்சல். சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் பிரீஆம்பைப் போட்ட பிறகுதான் வானத்தின் இரைச்சல் எட்டியது. 144 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் உணர்திறனின் தேவை இன்னும் கூடும். அங்கே 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளே ஏறத்தாழ 4 டெசிபலை விழுங்கிவிடும்.

எட்டு பிட்:
அண்ணா, தென்னந்தோப்பு அண்ணன் சொல்வதைத்தான் நானும் நம்பினேன். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படங்களைப் பிடிக்க 20 டெசிபல் பிரீஆம்ப் வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். என்னிடம் இருப்பது கணினியில் சொருகும் 8 பிட் ரிசீவர் டாங்கிள். நிலையம் தலைக்கு மேல் வந்தபோது திரையில் படத்துக்குப் பதிலாகக் கோடு கோடாக வந்தது. பின்னால் எஃப்எம் வானொலியின் பாட்டு. பிரீஆம்பைக் கழற்றினால் பாட்டு போகிறது, படமும் மங்கிவிடுகிறது. எங்கே தவறு?

மாடிக்கம்பி:
தம்பி, டாங்கிளின் இயங்கு வீச்சு ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 8 பிட்டுக்கு 50-க்குள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எஃப்எம் நிலையங்களை 20 டெசிபல் தூக்கி அதன் வாயில் ஊற்றினீர்கள். மெல்லிய சிக்னலுக்கு அங்கே இடம் ஏது?

7 மெகாஹெர்ட்ஸில் நான் பட்டதையும் கேளுங்கள். நமக்கு 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் ஒலிபரப்பு நிலையங்கள். ஒரு மாலை 7,180-ல் ஏதோ பாட்டு. 7,250, 7,320 இரண்டிலும் பலமான நிலையங்கள். முதலதை இரட்டித்து இரண்டாவதைக் கழியுங்கள், 7,180. அங்கே அப்படி ஒரு நிலையமே இல்லை. என் ரிசீவருக்குள் சிக்னல்களைக் கலக்கும் மிக்சரில் பிறந்த மாயக்குரல் அது. சிக்னலை 10 டெசிபல் குறைக்கும் அட்டனுவேட்டரை அழுத்தினேன். உண்மையான சிக்னல் 10 குறையும், இப்படி மூன்றாம் படிக் கலப்பில் பிறந்தது 30 குறையும். பாட்டு அடங்கியது, அடியில் இலங்கை நண்பர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரலும் 10 குறைந்தது, ஊர் இரைச்சலும் 10 குறைந்தது, இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்படியே இருந்தது. உணர்திறனை நானே குறைத்த பிறகுதான் அவர் எனக்குக் கேட்டார்.

தென்னந்தோப்பு:
7 மெகாஹெர்ட்ஸில் மாலை நேரத்துக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இயங்கு வீச்சு என்று ஒரே எண்ணாகச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. விளம்பரத்தில் 100 டெசிபல் என்பார்கள்; எவ்வளவு தள்ளி இருக்கும் சிக்னலை வைத்து அளந்தார்கள் என்று சொல்வதில்லை. 1977-ல் அமெரிக்காவின் ராப் ஷெர்வுட் ட்ரேக் ஆர்-4சி ரிசீவரில் இதைத்தான் காட்டினார். 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அளந்தால் நல்ல ரிசீவர். மோர்ஸ் போட்டியில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒருவர் வந்தால் தடுமாறியது. அதன் முதல் ஃபில்டர் 8 கிலோஹெர்ட்ஸ் அகலம். பக்கத்துக்காரரும் உள்ளே நுழைந்துவிட்டார். உணர்திறன் எண் ஏமாற்றும் என்றால் இந்த எண்ணும் ஏமாற்றும்.

மாடிக்கம்பி:
அதை மறுக்க மாட்டேன். 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அளந்த எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆனாலும் ஊர் நடுவே இருப்பவர்தான் நம்மில் அதிகம். அவருக்கு முதல் கேள்வி இயங்கு வீச்சுத்தான்.

தென்னந்தோப்பு:
முதல் கேள்வி, கேபிளைக் கழற்றினால் இரைச்சல் குறைகிறதா என்பது. குறைந்தால் உங்கள் வழி, குறையாவிட்டால் என் வழி. எந்தப் பட்டையில், எந்த நேரத்தில் என்று குறித்துக்கொண்டு சோதிக்க வேண்டும். எட்டு பிட் தம்பி, பிரீஆம்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கு முன்னால் எஃப்எம் தடுக்கும் ஃபில்டரை வையுங்கள். கேபிளுக்கு மேலே, ஆன்டெனா அருகிலேயே இருக்கட்டும். ஃபில்டரால் அரை டெசிபல் போனாலும் போகட்டும்.

எட்டு பிட்:
அப்படியே செய்தேன் அண்ணா. நேற்று மாலை நிலையம் வந்தது. ஒரு படத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். வரி வரியாக இறங்கியது. மேல் பாதியில் ஒரு கோடுகூட இல்லை. நிலையம் அடிவானத்தை நெருங்கியபோது கீழே கடைசி ஓரம் மட்டும் புள்ளிகளாகச் சிதறியது. பாட்டு வரவில்லை. இன்று கேபிளைக் கழற்றும் சோதனையை 7, 28, 144 மூன்றிலும் செய்து எண்களைப் போடுகிறேன்.