அப்பாவோடு மெல்ல நடக்க ஒரு குளக்கரை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. ஆனாலும் பறவை பார்க்கிற ஆசை குறையவே இல்லை. போன கிழமை வாவிக்கரையில் ஒரு மீன்கொத்தி, பிடித்த மீனைக் கம்பில் அடித்து அடித்து விழுங்கியதை அசையாமல் நின்று பார்த்தார்.

உன்னிச்சைக் குளத்துக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். அங்கே காட்டோரமாக ஏற்ற இறக்கம் இல்லாத, நிழலுள்ள பாதை இருக்கிறதா? பொழுது படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? யானை நடமாட்டம் உள்ள இடம், அதுதான் பயம். அம்பாறைப் பக்கம் உள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கமும் சரிதான், ஆனால் அவ்வளவு தூரம் அப்பாவால் பஸ்ஸில் இருக்க முடியாது.

வலசைப் பறவைகள் ஏப்ரலோடு போய்விடும், அதற்குள் காட்டிவிட வேண்டும். அண்மையில் போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.