செப்டம்பர் கடைசியில் கனடாவின் பான்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்கள்: காரில் போகிறவர்களுக்கு

கேள்வி: கல்கரிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. செப்டம்பர் கடைசியில் கிளம்பி, குடும்பத்தோடு லேக் லூயிஸ், மொரெய்ன் ஏரி, ஜாஸ்பர் போய்விட்டு, அக்டோபர் முதல் வாரத்தில் எமரால்டு ஏரி வழியாகத் திரும்பலாம் என்று திட்டம். வாடகைக் கார். பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. என்ன பார்த்துக்கொள்ள வேண்டும், அண்ணா?

பதில்: முதலில் டயரைப் பாருங்கள் தம்பி. எமரால்டு ஏரி இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில். லேக் லூயிஸிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்திலேயே மாகாண எல்லை வந்துவிடும். அங்கே மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம். டயரின் பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ (M+S, சேறு-பனி) என்றோ, மலைக்குள் பனித்துகள் படமோ இருக்க வேண்டும். டயரின் வரிப்பள்ளம் குறைந்தபட்சம் 3.5 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம் போடலாம், திருப்பியும் அனுப்பலாம். வாடகைக் கார்களில் பெரும்பாலும் எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசன் டயர்தான் இருக்கும். எம்+எஸ் இருந்தால் சட்டத்துக்குப் போதும், ஆனால் 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். சாவி வாங்கும்போதே குனிந்து நாலு டயரையும் பார்த்துவிடுங்கள்.

மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரோ வாடகைக் காரோ 2023 முதல் போக முடியாது. தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு பகுதி இடங்களை வசந்த காலத்திலேயே விற்றுவிடுவார்கள். மீதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலை 8 மணிக்கு (கல்கரி நேரம்) திறப்பார்கள். லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் பொன்னிறமாவது ஏறக்குறைய செப்டம்பர் பிற்பாதியில்தான் என்பதால் அப்போது போட்டி கடுமை. 7.50-க்கே முன்பதிவுத் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து உட்கார்ந்திருங்கள். பூங்கா அனுமதிச் சீட்டு வேறு, ஷட்டில் சீட்டு வேறு, இரண்டும் வேண்டும்.

லேக் லூயிஸ் – ஜாஸ்பர் சாலை சுமார் 230 கி.மீ. நடுவில் சஸ்காச்சுவன் ரிவர் கிராஸிங்கில் மட்டும்தான் பெட்ரோல். குளிர்காலத்தில் அதுவும் மூடிவிடும். லேக் லூயிஸிலேயே டேங்கை நிரப்புங்கள். வழியில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். வழியில் வரும் போ (Bow) கணவாய் 2,000 மீட்டருக்கு மேல். கீழே மழை என்றால் அங்கே பனி விழலாம். முன்கண்ணாடியைக் கழுவும் கோடைக்கால வாஷர் ஃப்ளூயிட் உறைந்து, கண்ணாடியில் சேறு அப்பியதும் ஒன்றும் தெரியாது. மைனஸ் 40 என்று போட்டதை வாங்கி ஊற்றுங்கள்.

பாலங்களில்தான் முதலில் கரும்பனி (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி) பிடிக்கும், அடியிலும் குளிர்காற்று போவதால். ஸ்டியரிங் திடீரென்று லேசாகத் தெரிந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாகத் திருப்புங்கள். இறக்கத்தில் கியரைக் குறையுங்கள், பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடாகிவிடும்.

இன்னொருவர்: ஒன்று சேர்க்கிறேன். செப்டம்பர் எல்க் மான்களின் இணைசேரும் காலம். ஆண் மான் காரைக்கூட முட்டும். 30 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். கரடி, ஓநாய் என்றால் 100 மீட்டர். சாலையோரம் விலங்கைப் பார்த்துக் கார்கள் வரிசையாக நின்றால், நீங்களும் போய்ச் சேராதீர்கள். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயைப் பையின் அடியில் போட்டால் பிரயோஜனமில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். மொரெய்ன் ஏரிக்கு மேலே உள்ள லார்ச் பள்ளத்தாக்கில், கரடிகள் இருப்பதால், சில சமயம் நாலு பேராகச் சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்று உத்தரவு இருக்கும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலைக் காட்டுத்தீயில் ஜாஸ்பர் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் போய்விட்டன. அறை கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். கிடைக்கவில்லையென்றால் பக்கத்து ஊரான ஹின்டனில் தேடுங்கள். அங்கிருந்து ஜாஸ்பருக்கு ஒரு மணி நேரம்தான். அந்தச் சாலையில் அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும், இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.