கதவைத் திறந்தது என் தப்பு: நஷ்டஈட்டு வழக்கு சீக்கிரம் முடிந்த கதை

மணப்பாறையில் பேக்கரி முன்னால் காரை ஓரம்கட்டி, கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டேன். பின்னால் வந்த மொபெட் கதவு விளிம்பில் இடித்து, ஓட்டி வந்தவர் ரோட்டில் விழுந்தார். அவர் பையிலிருந்து தைத்து மடித்த பள்ளிச் சீருடைகள் சிதறிக் கிடந்தன. தையல்காரர். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தெரிந்தவர் ஒருவர் தனியே அழைத்து, "நின்ன வண்டியில அவர்தான் வந்து மோதினார்னு சொல்லிடுங்க" என்றார். இன்னொருவர், "இருபதாயிரம் கொடுத்து எழுதி வாங்கிடுங்க, ஸ்டேஷனே வேண்டாம்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மாசம் இவரு மெஷின்ல உக்கார முடியாதுங்க?"

போலீஸில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தகவல் கொடுத்தேன். குற்ற வழக்கின் அபராதத்தை நானே கட்டினேன். பாலிசி அதை ஏற்காது. ஆனால் அடுத்தவர் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பே இல்லை. பொருள் சேதத்துக்குத்தான் 7.5 லட்சம் என்று வரம்பு. யார் தவறு என்ற தகராறு இல்லாததால், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் தையல்காரர் போட்ட மனு இரு தரப்பும் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போய் ஒரே அமர்வில் முடிந்தது. ஆஸ்பத்திரி பில், வேலை செய்யாத மாதங்களின் வருமானம், முழுதாக மடங்காத மணிக்கட்டுக்கு ஒரு தொகை. அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது.

இந்தப் பதிவுக்குப் பதிலாக இன்னொரு உறுப்பினர்:
என் சித்தப்பாவுக்கு நேர்மாறு. வேன் பாலிசி காலாவதியாகி 12 நாள். ரோட்டைக் கடந்த பெண்ணுக்குத் தொடை எலும்பு முறிந்தது. லைசென்ஸ் கோளாறு என்றால்கூடப் பல வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும். பாலிசியே இல்லையென்றால் அந்த வழியும் இல்லை. முழுத் தொகையும் அவர் தலையில் விழுந்தது. கட்ட முடியாமல் போனதும் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி மாதிரி வசூல். ஐந்து வருஷம் அலைந்தார். அந்தப் பெண்ணும் அதே கோர்ட் வராந்தாவில் ஊன்றுகோலோடு காத்திருந்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

முதலில் எழுதியவர்:
2022 ஏப்ரல் முதல், தவறை நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது. பாலிசி இல்லாத வண்டியென்றால் அதையும் உரிமையாளர்தான் தர வேண்டும்.

போன மாதம் அந்தத் தையல்காரரைப் பார்த்தேன். துணி வெட்டுவது மட்டும் அவர். மெஷினில் மகள் உட்கார்ந்திருந்தாள். நான் இப்போதெல்லாம் கார் கதவை இடது கையால்தான் திறக்கிறேன். அப்படித் திறந்தால் உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பும், வருகிற வண்டி கண்ணில் படும்.